ஏழு மணி நேரத் தூரம்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நெஞ்செரிச்சல் விட்டதா? இங்கே அம்மாவின் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் அம்மாவும்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு அம்மா சொன்னாள், "இனிமே ரெண்டு பேரும் கடுதாசி போட்டுக்கோங்க. அதுலதான் குறுக்க பேச முடியாது." அதனால் இது. உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது நீ ஹாஸ்டலில் இருந்தபோது. சோப்பு அனுப்பியிருக்கிறேன், தேய்த்துக் குளி என்று எழுதினேன்.

அன்று சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க நீ விடவில்லை. விமான நிலையத்தில் இரண்டாவது ஓடுபாதை போடுகிறார்கள். நம் தெரு அதன் முனையில் வருகிறது. நான்கு பேர் வந்து அளந்தார்கள். போகும்போது முன்சுவரில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அம்மா ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

ஜூலை கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அலைச்சலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று. வீடு நிற்கும்போது நாம் மூன்று பேரும் ஒருநாள் அதில் படுத்துத் தூங்கி எழுந்திருக்க வேண்டும். நீ வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஏழு மணி நேரம்தானே என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அக்கா

•

பிப்ரவரி 19

அக்கா,

கடிதம் கிடைத்தது. நான் நலம். நெஞ்செரிச்சல் என்னை விட்டு எங்கேயும் போவதாக இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தொடரட்டும்.

பெருக்கல் குறியைப் பற்றி வாசித்த பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

அம்மாவிடம் சொல். அது ஏழு மணி நேரம் அல்ல. தினமும் உங்கள் ஊருக்குக் கிளம்பும் விமானத்துக்கு வழி போட்டுக்கொடுப்பது என் மேசைதான். எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும், இறங்க முடியாமல் போனால் வேறு எந்த ஊருக்குத் திரும்ப வேண்டும். ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். அது மாறாது. நேரம்தான் மாறும். உங்கள் பக்கம் வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், ஆறரை மணி நேரம் போதும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், ஏழரை ஆகிவிடும். ஏழு என்பது இரண்டுக்கும் நடுவில் யாரோ போட்ட கணக்கு. அந்த ஏழு மணி நேரத்தில் எந்த விமானமும் போவதில்லை.

அந்த விமானத்தை அடிக்கடி ஓட்டும் கேப்டனுக்கு நம் தெரு தெரியும். நான்தான் வரைபடத்தில் காட்டினேன். கிளம்புவதற்கு முன் என் மேசைக்கு வந்து, "உங்க ஊர்ல இன்னைக்கு மழையாமே. மாடில காயற துணியை எடுக்கச் சொல்லி அக்காவுக்கு ஒரு குரல் கொடுத்துட்டுப் போகட்டுமா?" என்பார்.

நேற்று சாப்பிடும்போது பேச்சை நடுவில் நிறுத்திவிட்டேன். எதிரே இருந்தவன், "என்னடா, மறந்துட்டியா?" என்றான். மறக்கவில்லை. மேலே ஒரு விமானம் போனது. நம் வீட்டில் அப்போது யாரும் பேச மாட்டோம் இல்லையா. சத்தம் போன பிறகு விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வோம். அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி விமானத்தில் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். எல்லோரும் என்றால் அம்மாதான்.

தம்பி

•

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். நீ வரும் தேதியைக் கேட்டதும் அம்மாவின் முழங்கால் பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதியை உன்னிடம் காட்டுவதற்கு வைத்திருக்கிறாள்.

உன் அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். கட்டிலுக்கு அடியில் அப்பாவின் தொப்பி கிடந்தது. தீயணைப்பு வண்டியில் ஏறும்போது போடுவாரே, அது. நம் விமான நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் அந்த வண்டியை ஓட்டினார். ஒருநாள்கூட எதுவும் தீப்பிடிக்கவில்லை. "வேலையே செய்யாம சம்பளம் வாங்கினது நான் ஒருத்தன்தான்" என்பார். ஆனால் ஒவ்வொரு விமானமும் தரை தொடும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு இது தெரியாது. உனக்குத் தெரியுமா?

மாடியில் படுத்துக்கொண்டு, வரும் விமானம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லுவோம். நான் எப்போதும் ஜெயிப்பேன். யாராலும் சரிபார்க்க முடியாது என்பதால்தான் ஜெயித்தேன். ஊர் பெயர்களை நானே உண்டாக்குவேன். நீ அவற்றை அட்லஸில் தேடுவாய். அதனால்தான் உனக்கு இந்த வேலை கிடைத்தது. எனக்குக் கமிஷன் வர வேண்டும்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் பரீட்சை நேரம். நாள் முழுக்கச் சோதனைக் குழாய் கழுவுகிறேன். கையெல்லாம் காய்ந்து போயிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

பன்னிரண்டாம் தேதி நாங்கள் இருவரும் வந்து நிற்போம். பத்திரமாக வா.

அக்கா

•

ஏப்ரல் 13

அக்கா,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

மன்னித்துவிடுங்கள். இங்கே கனமழை. நேற்றைய விமானம் கிளம்பவில்லை. வீணாக வந்து நின்றிருப்பீர்கள்.

விரைவில் வேறு தேதி எழுதுகிறேன்.

தம்பி

•

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மழை விட்டதா? நனைந்தாயா? சளி பிடித்தால் உனக்கு நெஞ்சில் கட்டிக்கொள்ளும்.

அன்று நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். உங்கள் ஊர் விமானம் தரையிறங்கியது என்று பலகையில் போட்டார்கள். ஆட்கள் வெளியே வந்தார்கள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம், பிறகு காலில் கட்டுப் போட்ட ஒருவர், பிறகு விமானத்தில் வேலை செய்யும் பெண்கள். "கடைசியாத்தான் வருவான். பொறந்ததே பத்து நாள் தள்ளித்தானே" என்றாள் அம்மா. தரை துடைக்கிற பெண் வந்து எங்கள் காலைத் தூக்கச் சொல்லித் துடைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அது வேறு ஊர் விமானமாக இருக்கும். பலகையில் தப்பாகப் போட்டிருப்பார்கள்.

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வீடு இன்னும் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். கதவு, ஜன்னல்களைக் கழற்றி எடுத்துப் போனதால் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டுக்குள்ளே அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது.

நேரம் கிடைக்கும்போது எழுது. அவசரம் இல்லை.

அக்கா

•

ஜூன் 2

அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டு. அம்மா எப்படி இருக்கிறாள்? நான் இருக்கிறேன்.

என் பக்கத்து மேசைக்காரரைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் என் வயதுதான். எனக்கு இருக்கும் அதே வேலை. நான்கு வருஷம் முன்பு அவர் வழி போட்டுக்கொடுத்த விமானம் ஒரு புயல் மேகத்தின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு, தூக்கிப் போட்டு உலுக்கி, பாதி வழியில் திரும்பி வந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கை உடைந்தது. விசாரணை நடந்தது. கணக்கு சரிதான் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அவர் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அவருக்குப் பிரச்சினையே அதுதான் என்று நினைக்கிறேன். தப்பு இருந்திருந்தால் திருத்தியிருக்கலாம்.

அதிலிருந்து அவர் விமானம் ஏறுவதில்லை.

சமீபத்தில் ஊருக்குப் போகக் கிளம்பினார். பை, சீட்டு எல்லாம் தயார். விமானத்தின் கதவு வரை போகும் அந்த நீளமான கூண்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். சீட்டைக் கிழிக்கிற பெண் பொறுமைசாலி. "சார், கதவை மூடணும். வர்றீங்களா, இல்லையா?" என்றாள். "ஒரு நிமிஷம்மா" என்றார். அவள் நிஜமாகவே ஒரு நிமிஷம் கொடுத்தாள். பிறகு மூடிவிட்டாள். அவர் பையோடு மேசைக்குத் திரும்பி வந்து, அந்த விமானம் திரையில் ஒரு புள்ளியாகப் போவதை அது இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மழை இல்லை.

வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சமையல்காரன் அடுப்புக்குப் பயப்படுகிறான் என்றால் சிரிக்க மாட்டார்களா?

அவ்வளவுதான். ஏனோ உனக்கு எழுதத் தோன்றியது.

தம்பி

•

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்து வாசித்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

உன் பக்கத்து மேசைக்காரரைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடச் சொல். அவருக்கு ஒரு அக்கா இருந்தால் அவள் சிரிக்க மாட்டாள் என்றும் சொல்.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். ஆய்வகத்தில் காற்றழுத்தம் பார்க்கிற பாரோமீட்டர் உடைந்துவிட்டது. பழைய மாதிரி, கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்குமே, அது. தலைமையாசிரியைக்கு அதேதான் வேண்டுமாம். உங்கள் ஊரில் கிடைக்கிறது என்று கேள்வி. ஆனால் பாதரசத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களாமே. உனக்குத்தான் தெரியும். அப்படியென்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலிலும் கப்பலிலுமாகத்தான் வர வேண்டும். உனக்குச் சிரமம்தான். வேறு யாரிடம் கேட்பேன்?

பயண ஏஜென்ட் ஒருவரிடம் விசாரித்தேன். "ரயில், கப்பல், மறுபடி ரயில். மூணு வாரத்துக்கு மேல ஆகும்மா. ஏழு மணி நேரத்துல வர்ற ஊருக்கு ஏன் இந்தக் கூத்து?" என்றார்.

"கண்ணாடிச் சாமான்" என்றேன்.

"அவ்வளவு ஒஸ்தியா?"

"எங்க வீட்ல ஒண்ணுதான் இருக்கு" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழியை மட்டும் எழுதிக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "பாரோமீட்டரா? எப்பலருந்து?" என்றாள். "இன்னைலருந்து" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முடிந்தால் வா. முடியாவிட்டாலும் எழுது.

அக்கா

•

ஜூன் 24

அக்கா,

நலம். அம்மாவும் நீயும் நலம்தானே? இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. நலமா என்று எழுது.

நீ கேட்டது சரி. பாதரசத்தை விமானத்தில் ஏற்றக் கூடாது. சிந்தினால் விமானத்தின் அலுமினியத்தை அரித்துவிடும். விதி என்றால் விதி. ஆகவே என்னால் விமானத்தில் வர முடியாது. இதை எழுதுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா.

பாரோமீட்டர் வாங்கிவிட்டேன். கடைக்காரர் தூசியைத் தட்டிவிட்டு, "சார், இதைத் திருப்பிக் கொண்டுவந்துட மாட்டீங்களே?" என்றார். அந்தக் காலத்துச் சுவர்க்கடிகாரம் அளவுக்கு நீளம். ரயிலில் எனக்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று இரண்டு இருக்கை வேண்டியிருக்கும்.

ஜூலை முதல் தேதி கிளம்புகிறேன். ஐந்து நாள் ரயில். துறைமுகத்தில் கப்பலுக்காக ஆறு நாள் இருக்க வேண்டும். கப்பல் கம்பெனி முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே எனக்கு எழுது.

வீட்டைப் பற்றி எழுது. ஒவ்வொரு அறையாக எழுது. எனக்கு மறந்ததையெல்லாம் எழுது.

தம்பி

•

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக வந்து சேர்ந்தாயா? ரயில் சாப்பாடு உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொண்டதா? கப்பலில் மேல் தளத்தில் உட்கார், தலை சுற்றாது. நாங்கள் நலம்.

அறை அறையாகக் கேட்டாய். முன்னறையில் இருந்து தொடங்குகிறேன். கதவு திறந்து திறந்து தரை அரைவட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அந்த வட்டத்துக்குள் செருப்பு விட்டால் அம்மா திட்டுவாள். வலது பக்கச் சுவரில், நீ பென்சிலால் விமானம் வரைந்தாய்; அப்பா உன்னை அடித்துவிட்டு அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். மழைக்காலத்தில் மட்டும் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து அந்த விமானம் தெரியும். எந்த மழையிலும் தவறியதில்லை.

அடுப்படி ஜன்னலில் நடுக்கம்பி வளைந்திருக்கிறது. உன் தலை மாட்டிக்கொண்டதை இழுத்து எடுத்தபோது வளைந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா அந்த இடைவெளியில் கரண்டியைச் சொருகி வைப்பாள். பெரிய விமானம் இறங்கும்போது தட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று மெதுவாகப் பேசிக்கொள்ளும். சின்ன விமானம் என்றால் மூடிகள் மட்டும்.

உன் அறையில் மாலை வெயில் கட்டிலின் கால்மாடு வரை வந்து நிற்கும். அதற்கு மேல் வராது. நீ அங்கே காலை நீட்டிக்கொண்டு படிப்பாய். படிப்பதாகச் சொல்லுவாய்.

மாடிப்படியில் மேலிருந்து மூன்றாவது படி மற்றவற்றைவிட உயரம் குறைவு. இருட்டில் நம் கால்களுக்கு அது தெரியும். வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் அங்கே தடுக்கியிருக்கிறார்கள்.

எழுத எழுத வருகிறது. மீதியை நேரில் பார். அம்மா அவசரமாகக் கூப்பிடுகிறாள்.

அக்கா

•

ஜூலை 18

அக்கா,

நலம். கடல் ஒத்துக்கொண்டது. பாரோமீட்டரும் நலம். கப்பல் சிப்பந்திகள் அதைப் பார்க்க வரிசையாக வந்தார்கள். கீழே இறங்கி இந்த ஊருக்கு வந்தால், அடுத்த ரயில் வாரத்துக்கு ஒருமுறைதானாம். வெள்ளிக்கிழமை ஏறினால் ஞாயிறு காலை உங்கள் ஸ்டேஷன். அதுவரை ரயிலடிக்கு எதிரே உள்ள விடுதியில் இருக்கிறேன். முகவரி உறையின் பின்னால்.

உன் கடிதத்தை மேல் தளத்தில் உட்கார்ந்து வாசித்தேன். மறுநாள் மறுபடியும். மூன்றாவது படியை நான் மறந்தே போயிருந்தேன்.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு கேப்டன் என் மேசைக்கு வந்தார். வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்வார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, நேத்து இறங்கறப்ப பார்த்தேன். உங்க தெரு இல்ல. மொத்தமா எடுத்துட்டாங்க. வெறும் மண்ணு, ரெண்டு மண் அள்ற வண்டி" என்றார். "ஜூலை கடைசின்னு சொன்னாங்களே சார்" என்றேன். "அவசரமா இருந்திருக்கும்" என்றார். நான் எரிபொருள் கணக்கை முடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர்தான் மறுபடியும் அந்த மண்ணுக்கு மேலாக இறங்க வேண்டும்.

அதற்கு அடுத்த நாள்தான் லீவு கேட்டேன். அதன் பிறகுதான் பாரோமீட்டர் வாங்கினேன். வீட்டைப் பற்றி எழுது என்று உன்னைக் கேட்டது, அதைப் பார்க்க எனக்கு இனி வேறு வழி இல்லை என்பதால்.

வீடு போய்விட்டது என்று தெரிந்தால் நான் வர மாட்டேன் என்று நீ பயந்திருப்பாய். நானும் அதைத்தான் யோசித்தேன். ரயிலில் முதல் நாள் முழுக்க, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாமா என்று. இறங்கவில்லை. இரண்டாம் நாள் அந்த யோசனை வரவில்லை. ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. இத்தனை வருஷம் இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கோடு போட்டிருக்கிறேன். கீழே ஆட்கள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டும், சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள் என்பது தெரியாமல்.

பக்கத்து மேசைக்காரரும் என்னோடு வருகிறார். அவருக்குத் தனியாக இடம் போட வேண்டாம்.

உன் கடிதத்தில் எல்லா அறையும் இருந்தது. நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது மட்டும் இல்லை. ஞாயிறு காலை ஸ்டேஷனில் இறங்கி நான் யாரிடம் என்ன தெரு என்று கேட்பேன்?

தம்பி

•

ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். இது நிஜம்.

உன் கடிதங்களைத் தபால்காரர் இப்போது பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதையும், பக்கத்து மேசைக்காரர் உட்பட. "அவன் என்ன, சுவத்தையா பார்க்க வர்றான்? நான் அன்னைக்கே சொன்னேன், எழுதித் தொலைன்னு" என்றாள். சொன்னாள்தான். நான்தான் கேட்கவில்லை. நீ கப்பலேறும் வரையாவது அந்த வீடு நிற்கட்டும் என்று நினைத்தேன்.

தேதியை முன்னால் இழுத்து, ஜூன் பதினெட்டாம் தேதியே இடித்துவிட்டார்கள். பார்க்கப் போகவில்லை. அதற்கு முன் அந்த வாரம் முழுக்கப் பெட்டி கட்டினோம். அப்பாவின் தொப்பி பத்திரமாக இருக்கிறது.

இப்போது இருப்பது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் மூன்றாவது சந்து, மாடி. கீழே தையல் கடை. இங்கே விமானம் எதுவும் மேலே போவதில்லை. முதல் வாரம் அம்மா தூங்கவில்லை. பேச்சை எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை என்கிறாள். ஒரே மூச்சாகப் பேசுகிறாள். நீயே வந்து கேள்.

இருப்பது ஒரே அறை. மூன்று பேர் படுக்க முடியுமா என்று அம்மா தரையில் கையால் சாண் போட்டுப் பார்த்தாள். பத்தவில்லை. கட்டிலை மொட்டைமாடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம். இப்போது பத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். அம்மா வர மாட்டாளாம். "போன தடவை போய் நின்னேனே, போதும். கண்டவ எல்லாம் காலைத் தூக்கச் சொல்லித் தொடைக்கறா. அவனே வந்து கதவைத் தட்டட்டும்" என்கிறாள். ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை, அதற்குள் வெளியே போட்டுக்கொண்டு போகும் செருப்பைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்திருக்கிறாள்.

அக்கா